டெஸ்க்டாப் கணினிக்குத் தொடுதிரை இயங்குதளம்: மாறுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கணினி வாங்கி ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். நன்றாகத்தான் ஓடுகிறது. ஒரு நாள் திரையின் ஓரத்தில் ‘புதிய விண்டோஸ் தயார்’ என்று ஒரு செய்தி வந்து நிற்கும். அல்லது சர்வீஸுக்கு வந்தவர், "எல்லாரும் மாத்திட்டாங்க சார், உங்களுக்கும் போட்டுடவா?" என்பார். யூடியூபில் பார்த்தால் புதிய திரை பளபளவென்று இருக்கிறது. ஐகான்கள் பெரிது பெரிதாக, இடைவெளி தாராளமாக, விரலால் தட்டுவதற்கென்றே செய்த மாதிரி. உங்கள் மேசையில் இருப்பதோ மவுஸும் கீபோர்டும். போடலாமா, வேண்டாமா?

முதன்முறையாக இந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டச் வசதிக்காக டெஸ்க்டாப்பில் ஓஎஸ் (இயங்குதளம்) மாற்றுவது வீண் வேலை. பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது என்பதற்காக மாற்றுவது அவசியம். சிக்கல் என்னவென்றால், இரண்டாவது காரணத்துக்காக மாறுகிறவர்களுக்கும் முதலாவது கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. அதை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் இங்கே பெரிய பகுதி.

2012-இல் என்ன நடந்தது

தொடுதிரையை மனதில் வைத்துச் செய்த இயங்குதளம் டெஸ்க்டாப்பில் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு விண்டோஸ் 8-ஐ விட நல்ல பாடம் கிடையாது. 2012 அக்டோபர் 26 அன்று வெளிவந்தது. ஐபேட் வந்து இரண்டரை வருடம் ஆகியிருந்த நேரம். டேப்லெட் சந்தையைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் மைக்ரோசாஃப்ட் டேப்லெட்டுக்கும் டெஸ்க்டாப்புக்கும் ஒரே முகத்தை வைத்தது. 1995-இலிருந்து இடது கீழ் மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தானைக் காணோம். கணினியை ஆன் செய்தால் கலர் கலராகக் கட்டங்கள் நிறைந்த ஒரு முழுத்திரை வரும். நாம் தினமும் வேலை செய்கிற டெஸ்க்டாப், அந்தக் கட்டங்களில் ஒன்றாக ஓரத்தில் கிடக்கும்.

கணினியை அணைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மவுஸைத் திரையின் வலது மேல் மூலைக்குக் கொண்டுபோய் அசையாமல் வைக்க வேண்டும். ஐந்து ஐகான்கள் மங்கலாகத் தெரியும். மவுஸை அந்த ஓரத்தை ஒட்டியே கீழே இறக்க வேண்டும். கொஞ்சம் உள்ளே விலகினால் ஐகான்கள் மறைந்துவிடும், மறுபடி மூலையிலிருந்து தொடங்க வேண்டும். சரியாக இறங்கினால் செட்டிங்ஸ், அதற்குள் பவர், அதற்குள் ஷட் டவுன். டேப்லெட்டில் இதே காரியம், வலது ஓரத்திலிருந்து கட்டை விரலால் உள்ளே ஒரு இழுப்பு, மூன்று தட்டு. விரலுக்கு அது உண்மையிலேயே சுகமாகத்தான் இருந்தது. மவுஸுக்கோ ஒளிந்து பிடித்து விளையாட்டு.

இன்னொன்று. டெஸ்க்டாப்பில் ஒரு போட்டோவை டபுள் கிளிக் செய்தால், நீங்கள் இருந்த இடம் மறைந்து படம் திரை முழுவதும் விரியும். மூடுவதற்கு மூலையில் பெருக்கல் குறியைத் தேடினால் இருக்காது. மவுஸால் திரையின் உச்சியைப் பிடித்துக் கீழ்வரை இழுத்து விட வேண்டும். பிடிஎஃப்புக்கும் இதே கதை. வீட்டுப் பெரியவர்கள் பலர் பிளக்கைப் பிடுங்கியே வெளியே வந்தார்கள்.

ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 8 உள்ளுக்குள் நல்ல ஓஎஸ். சீக்கிரம் பூட் ஆகும். டாஸ்க் மேனேஜர் அதில்தான் உருப்படியாக ஆனது. ஃபைல் காப்பி ஆவதை நடுவில் நிறுத்தி வைத்துத் தொடரும் வசதியும் அதில்தான் வந்தது. ஆனால் வாசலே தெரியாத வீட்டில் உள்ளே எத்தனை அறை இருந்தால் என்ன? மறு வருடம் அக்டோபரில் 8.1 வந்தபோது ஸ்டார்ட் பொத்தான் திரும்பியது, ஆன் செய்தவுடன் நேராக டெஸ்க்டாப்புக்குப் போகும் வழியும் கிடைத்தது. 2014 ஏப்ரல் அப்டேட்டில் ஸ்டார்ட் திரையிலேயே பவர் பொத்தானும், முழுத்திரை ஆப்களுக்கு மூடும் குறியும் வந்தன. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது ஸ்டார்ட் மெனுவே முழுசாகத் திரும்பிவிட்டது. ஆக, கம்பெனியே படிப்படியாகப் பின்வாங்கிய கதை இது.

மைக்ரோசாஃப்டை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. 2011-இல், விண்டோஸுக்கு மாற்றான இலவச ஓஎஸ் லினக்ஸ் பக்கம் க்னோம் 3, உபுண்டுவின் யூனிட்டி என்ற டெஸ்க்டாப் தோற்றங்கள் இரண்டும் இதே திசையில் போய்ப் பழைய ஆட்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டன. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே க்னோம் 3 பிடிக்காமல் எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறொரு டெஸ்க்டாப்புக்குப் போனார். லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையின் சின்னமன் டெஸ்க்டாப் பிறந்ததும் அந்தக் கோபத்தில்தான்.

விரலுக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் எந்த ஓஎஸ் வந்தாலும் நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம். ஒரு இலக்கைத் தொட எவ்வளவு நேரம் ஆகும் என்பது அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது என்று பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954-இல் எழுதினார். விரல் நுனி தடிமனானது. அதனால் தொடுதிரையில் ஒரு பொத்தான் ஏழு முதல் ஒன்பது மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். மவுஸ் அம்பின் நுனி ஒரே ஒரு புள்ளி. எக்செல்லில் இரண்டு பத்திகளுக்கு நடுவே இருக்கும் கோட்டைப் பிடித்து இழுத்து அகலப்படுத்துகிறோமே, அதை விரலால் செய்து பாருங்கள். நான்கு முறை தவறி ஐந்தாவது முறை பக்கத்துப் பத்தி நகரும்.

இன்னொரு வித்தியாசம், மவுஸை ஒன்றின் மேல் சும்மா வைத்தால் அது என்ன என்று ஒரு வரி காட்டும். விரலுக்கு ‘சும்மா வைப்பது’ கிடையாது, வைத்தால் தட்டியது போலத்தான். ரைட் கிளிக்கும் விரலுக்குக் கிடையாது. அழுத்திக் காத்திருக்க வேண்டும். அதனால்தான் டச் ஓஎஸ்களில் மெனுக்கள் குறைந்து, பொத்தான்கள் பெரிதாகி, ஒரு திரையில் தெரியும் விஷயம் குறைந்துபோகிறது. இருபது வரி தெரிந்த இடத்தில் பதின்மூன்று வரி தெரியும்.

அப்புறம் கை. செங்குத்தாக நிற்கும் திரையை நீட்டிய கையால் நாள் முழுவதும் தொட முடியாது. ஒரு பீரியட் முழுக்கக் கரும்பலகையில் எழுதிய ஆசிரியரின் தோளைக் கேட்டால் சொல்லும். ஹெச்பி நிறுவனம் 1983-இலேயே தொடுதிரையோடு ஒரு மேசைக் கணினியை விற்றது. அப்போதிருந்தே இந்தக் கைவலிக்குக் கணினித் துறையில் ‘கொரில்லாக் கை’ என்று பெயர் உண்டு. 2010 அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸும் மேடையில் இதையே சொன்னார்: நிற்கும் திரையில் டச் வேலைக்கு ஆகாது, சற்று நேரத்தில் கை விழுந்துவிடும் என்று.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

முதல் படி: உங்கள் கணினி என்ன என்று பாருங்கள்

விண்டோஸ் 10-இல் ஸ்டார்ட் பொத்தான் மேல் ரைட் கிளிக் செய்து ‘சிஸ்டம்’ என்பதைத் திறங்கள். வருகிற பக்கத்தில் நான்கு வரிகள் போதும்.

ப்ராசஸர் பெயர் ஒன்று. இன்டெல் என்றால் ‘ஐ3’, ‘ஐ5’ என்பதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 8100, 9400, 10100 என்று 8-ஆம் தலைமுறையிலோ அதற்கு மேலோ இருந்தால் விண்டோஸ் 11 ஏறும். 3220, 4460, 6100 என்று இருந்தால் ஏறாது. ஏஎம்டி என்றால் பொதுவாக ரைசன் 2000 வரிசையும் அதற்குப் பிறகு வந்தவையும்.

ரேம் இரண்டாவது. 4 ஜிபி போதும் என்று கம்பெனி சொல்கிறது. என் அனுபவத்தில் 8 ஜிபிக்குக் கீழே விண்டோஸ் 11 போடுவது உங்களுக்கு நீங்களே தேடிக்கொள்ளும் தலைவலி.

மூன்றாவது, சிஸ்டம் டைப். ‘64-பிட்’ என்று இரண்டு இடத்தில் வரலாம். ஒன்று ஓஎஸ், ஒன்று ப்ராசஸர். 2 ஜிபி ரேம் இருந்த காலத்தில் நிறைய இடங்களில் 64-பிட் ப்ராசஸரில் 32-பிட் விண்டோஸ் போட்டிருப்பார்கள். அப்படியானால் அப்படியே அப்கிரேடு ஆகாது, ஃபார்மட் செய்து புதிதாகத்தான் போட வேண்டும்.

நான்காவது வரி ‘பென் அண்ட் டச்’. ‘இந்தத் திரைக்கு பேனா, தொடு வசதி எதுவும் இல்லை’ என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் இருக்கும். பெரும்பாலான டெஸ்க்டாப்பில் இதுதான் வரும். ஓஎஸ் மாற்றினால் மானிட்டர் தொடுதிரை ஆகிவிடாது. கேலியாகச் சொல்லவில்லை; இதைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தொடுதிரை மானிட்டர் தனியாக வாங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஹெச்டிஎம்ஐ கேபிள் படத்தையும் ஒலியையும் மட்டும்தான் கொண்டுபோகும். தொட்ட செய்தி கணினிக்கு வர யூஎஸ்பி கேபிளும் மாட்ட வேண்டும். மாட்டாமல் விட்டுவிட்டு மானிட்டர் கெட்டுப்போனது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்று இன்னும் இரண்டு பாதுகாப்பு வசதிகள் தேவை. இதையெல்லாம் நீங்கள் தோண்ட வேண்டாம். மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ என்ற சிறிய ஆப்பைப் போட்டு ஓட்டினால் ஆகும், ஆகாது என்று சொல்லிவிடும். டிபிஎம் மட்டும் இல்லை என்று வந்தால், பயாஸில் (ஓஎஸ் தொடங்குவதற்கு முன் வரும் கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கம்) அணைந்து கிடக்கலாம். தெரிந்தவரை வைத்து ஆன் செய்து மறுபடி பாருங்கள்.

இரண்டாம் படி: எதற்காக மாறுகிறீர்கள்?

விண்டோஸ் 7-க்கான அப்டேட் 2020 ஜனவரி 14-இல் நின்றது. 8.1-க்கு 2023 ஜனவரி 10. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. இந்தத் தேதி தாண்டினால் கணினி நின்றுவிடாது, நேற்றுப் போலவே ஓடும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் மட்டும் அடைபடாது. அந்தக் கணினியில் நெட் பேங்கிங், ஜிஎஸ்டி தாக்கல், ஆதார் நகல்கள் எல்லாம் இருக்கின்றன என்றால் மாறித்தான் ஆக வேண்டும். நெட் இணைப்பே இல்லாமல் ஒரு மூலையில் பில் அடித்துக்கொண்டிருக்கும் கணினி என்றால் தொடாதீர்கள், ஓடும்வரை ஓடட்டும்.

விண்டோஸ் 10-இல் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் உண்டு. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசு கிடையாது.

டச் உண்மையிலேயே பயன்படுகிற இடங்களும் இருக்கின்றன. ஓட்டல் பில்லிங் கவுன்டர், வரவேற்பறையில் டோக்கன் கொடுக்கும் கணினி, படம் வரையும் குழந்தை, மவுஸைப் பிடிக்க விரல் ஒத்துழைக்காத பெரியவர். நின்றுகொண்டே நாலு தட்டுத் தட்டி முடிக்கிற வேலை என்றால் டச் அருமை. உட்கார்ந்து எட்டு மணி நேரம் டைப் அடிக்கிற வேலை என்றால் அதை மறந்துவிடுங்கள்.

மூன்றாம் படி: ஒரு நாள் வாழ்ந்து பாருங்கள்

இதற்குக் காசும் வேண்டாம், எதையும் இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம். விண்டோஸ் 10-இலேயே ‘டேப்லெட் மோட்’ என்று ஒன்று ஒளிந்திருக்கிறது. விண்டோஸ் பொத்தானோடு ‘ஏ’ எழுத்தை அழுத்தினால் வலப்பக்கம் ஒரு பட்டை வரும். அதில் டேப்லெட் மோட் கட்டத்தைத் தட்டுங்கள். இரண்டு மானிட்டர் வைத்திருந்தால் ஒன்றைக் கழற்றிவிடுங்கள். ஸ்டார்ட் மெனு முழுத்திரையாகும், திறக்கிற ஒவ்வொரு சாஃப்ட்வேரும் திரை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். கிட்டத்தட்ட விண்டோஸ் 8 காலத்து வாழ்க்கை.

அப்படியே காலையிலிருந்து மாலைவரை உங்கள் வழக்கமான வேலையைச் செய்யுங்கள். ஒரு பக்கம் பில், மறுபக்கம் எக்செல் வைத்து ஒப்பிட வேண்டி வரும்போது எவ்வளவு எரிச்சல் வருகிறது என்று கவனியுங்கள். எரிச்சலே வரவில்லை, ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்கிறேன், இதுவே நிம்மதியாக இருக்கிறது என்பவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர் நீங்கள் என்றால் எந்த ஓஎஸ்ஸும் உங்களுக்குப் பெரிய சிரமம் தராது. நேராக அடுத்த படிக்குப் போகலாம்.

கணினி பழசு, விண்டோஸ் 11 ஏறாது என்றால் 8 ஜிபி பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் போட்டு, அதிலிருந்தே பூட் செய்து பார்க்கலாம். ஹார்டு டிஸ்க்கில் ஒரு எழுத்தும் மாறாது. மவுஸ் கீபோர்டுக்காகவே வடிவமைத்தது. இடது கீழே மெனு, கீழே டாஸ்க்பார், விண்டோஸ் 7-இல் இருந்து வருபவருக்கு அரை மணியில் பழகிவிடும். கூகுளின் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸையும் இதேபோல் பென் டிரைவில் பார்க்கலாம். மெயில், யூடியூப், கூகுள் டாக்ஸ் மட்டும் போதும் என்பவருக்கு அது நல்லது. ஆனால் இன்ஸ்டால் செய்தால் டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டுத்தான் உட்காரும், பக்கத்தில் விண்டோஸை வைத்துக்கொள்ள இடம் தராது. போன் ஆப்களும் அதில் ஓடாது. டாலி, ஃபோட்டோஷாப் தேவைப்படுகிறவர்கள் இரண்டையும் மறந்துவிட்டு விண்டோஸிலேயே இருங்கள்.

நான்காம் படி: பழைய சாமான்கள் கூட வருமா?

ஓஎஸ் மாற்றியபின் அழுகிறவர்கள் பெரும்பாலும் திரையின் தோற்றத்துக்காக அழுவதில்லை. இந்தப் படியைத் தாண்டிக் குதித்ததால்தான் அழுகிறார்கள். நிதானமாகப் படியுங்கள்.

நம் ஊர்க் கடைகளில் இன்னும் கறுப்புத் திரையில் ஃபாக்ஸ்ப்ரோ பில்லிங் ஓடுவதைப் பார்க்கலாம். டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய ஓஎஸ்) காலத்து 16-பிட் புரோகிராம்கள் 32-பிட் விண்டோஸில் ஓடும், 64-பிட்டில் ஓடவே ஓடாது. விண்டோஸ் 11 64-பிட்டில் மட்டும்தான் உண்டு. டாஸ்பாக்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேருக்குள் வைத்து ஓட்டிவிடலாம்தான். ஆனால் பிரிண்டருக்கு பில் போகவைப்பது தனிப் போராட்டம். இப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் அந்தக் கணினியை அப்படியே விட்டுவிட்டு, நெட் வேலைக்கு வேறொன்று வைத்துக்கொள்வதே நல்லது.

தமிழ் எழுத்துருக்கள் அடுத்தது. டிடிபி கடைகளிலும் பத்திரம் எழுதும் இடங்களிலும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கும். இவை யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) கிடையாது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், புள்ளி வைத்த எழுத்து வரும் இடமெல்லாம் அரைப்புள்ளியும், மற்ற இடங்களில் ஆங்கில எழுத்துகளும் ஒழுங்கில்லாமல் கொட்டிக் கிடக்கும். ஃபைல் கெட்டுப்போகவில்லை, எழுத்துரு காணாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே ஃபார்மட் செய்வதற்கு முன் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து தமிழ் எழுத்துருக்களை எல்லாம் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இது ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் விட்டால் அப்புறம் ஒரு வாரம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

யூனிகோடிலும் ஒரு சின்ன விஷயம் உண்டு. பழைய வேர்டு ஃபைல்களில் லதா எழுத்துரு இருக்கும். விண்டோஸ் 8-இலிருந்து நிர்மலா யுஐ என்ற எழுத்துரு அந்த இடத்தைப் பிடித்தது. விண்டோஸ் 10-இலிருந்து லதாவும் விஜயாவும் தானாக வருவதில்லை. செட்டிங்ஸில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ போய்த் தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸைச் சேர்த்தால் வந்துவிடும். இதைச் செய்யாவிட்டால் வரி ஓட்டம் மாறி, ஒரு பக்கத்தில் முடிந்த மனு இரண்டாவது பக்கத்துக்கு இரண்டு வரி வழியும்.

டைப் அடிக்க என்ஹெச்எம் ரைட்டரோ ஈ-கலப்பையோ வைத்திருந்தால் அதன் இன்ஸ்டால் ஃபைலையும் எடுத்து வையுங்கள். தமிழ்99, அஞ்சல், ஃபோனெட்டிக் என்ற கீபோர்டு முறைகள் மூன்றும் விண்டோஸ் 11-க்குள்ளேயே இருக்கின்றன. தமிழை மொழியாகச் சேர்த்து கீபோர்டைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி, ஆடிட்டர் கொடுத்த டிஎஸ்சி (டிஜிட்டல் கையொப்ப) டோக்கன் இவற்றுக்கெல்லாம் புதிய விண்டோஸுக்கான 64-பிட் டிரைவர் (கருவியை இயக்கும் சாஃப்ட்வேர்) இருக்கிறதா என்று அந்தந்தக் கம்பெனி தளத்தில் மாடல் எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் தாண்டிய பிரிண்டர் என்றால் இந்த ஒரு விஷயமே உங்கள் முடிவை மாற்றிவிடலாம்.

ஐந்தாம் படி: பேக்கப்

டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், போட்டோக்கள், டாலி டேட்டா ஃபோல்டர், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுங்கள். எடுத்ததை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள்.

ஆறாம் படி: மாற்றுவது

விண்டோஸ் 10 ஒரிஜினலாக இருந்து, கணினியும் தகுதியானது என்றால் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே 11 காத்திருக்கும், இலவசம். சாஃப்ட்வேர்களும் ஃபைல்களும் அப்படியே இருக்கும். விண்டோஸ் 7, 8.1 சாவிகளை வைத்து இலவசமாக ஏறும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023-இல் அடைத்துவிட்டது.

தகுதியில்லாத கணினியிலும் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுத் தருவதாகச் சிலர் சொல்வார்கள். போட முடியும், ஓடவும் செய்யும். ஆனால் அப்டேட் வருவதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. அப்டேட்டுக்காகத்தானே மாறுகிறோம்? அந்தக் காசில் ஒரு எஸ்எஸ்டி வாங்கி லினக்ஸ் மின்ட் போடலாம் என்பேன்.

டெஸ்க்டாப்பில் பேட்டரி கிடையாது என்பதை மறக்க வேண்டாம். மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளாக இருக்கக் கூடாது. யூபிஎஸ் பழசாகி இரண்டு நிமிடம்கூடத் தாங்காது என்றால் முதலில் அந்த பேட்டரியை மாற்றுங்கள். ஃபார்மட் செய்து புதிதாகப் போடும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தால், இப்போதைய விண்டோஸ் 11 பல கணினிகளில் டிஸ்க்கைத் தானாகவே பூட்டிக் குறியாக்கம் செய்துவிடுகிறது. அதன் ரெகவரி கீ அந்தக் கணக்கில் இருக்கும். கணக்கின் ஈமெயிலும் பாஸ்வேர்டும் சர்வீஸ்காரருடையதாக இல்லாமல் உங்களுடையதாக இருக்கட்டும்.

ஏழாம் படி: விரலிடமிருந்து மவுஸுக்கு

விண்டோஸ் 11 வந்துவிட்டது. விண்டோஸ் 8 போல முரட்டுத்தனம் இதில் இல்லை, ஆனால் விரலுக்கான தாராளம் அங்கங்கே ஒட்டியிருக்கிறது. பத்து நிமிடத்தில் கழற்றிவிடலாம்.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்ததும் வரிகளுக்கு நடுவே வயல் வரப்பு மாதிரி இடைவெளி தெரியும். மேலே ‘வியூ’ மெனுவில் ‘காம்பாக்ட் வியூ’ என்று இருக்கிறது, அதைத் தட்டுங்கள். வரிகள் நெருங்கி, பழையபடி நிறைய ஃபைல்கள் ஒரே பார்வையில் தெரியும். முதலில் செய்ய வேண்டியது இதைத்தான் என்பேன்.

டாஸ்க்பாரின் மேல் ரைட் கிளிக், டாஸ்க்பார் செட்டிங்ஸ், கீழே ‘டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்’. அதில் அலைன்மென்ட்டை ‘லெஃப்ட்’ ஆக்குங்கள். ஸ்டார்ட் பொத்தான் மூலைக்கு வந்துவிடும். மூலை என்பது மவுஸுக்கு வசதியான இடம். கண்ணை மூடிக்கொண்டு தள்ளினாலும் அம்பு அங்கே போய் முட்டி நிற்கும். நடுவில் இருந்தால் குறிபார்க்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு ஆப் திறக்கும்போதும் சற்று நகர்ந்துகொள்ளும். அதே பக்கத்தில் விட்ஜெட்ஸை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மவுஸ் அந்தப் பக்கம் போனாலே செய்திகள் வந்து விரியும். டச் கீபோர்டு ஐகானும் அங்கேதான், அதுவும் வேண்டாம்.

ஸ்க்ரோல் பார் மெல்லிய கோடாகி மறைந்து மறைந்து வருகிறதா? தொடுதிரைப் பழக்கம் அது, விரலால் தள்ளுபவருக்குப் பட்டை தேவையில்லை. செட்டிங்ஸில் ஆக்சசிபிலிட்டி, அதில் விஷுவல் எஃபெக்ட்ஸ், ‘ஆல்வேஸ் ஷோ ஸ்க்ரோல்பார்ஸ்’ என்பதை ஆன் செய்யுங்கள்.

ரைட் கிளிக் மெனு சுருங்கிப்போய், நாம் தேடுவது எப்போதும் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ என்பதற்குள் ஒளிந்திருக்கும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் பழைய முழு மெனு நேராக வரும்.

எல்லாமே பெரிதாகத் தெரிந்தால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஸ்கேல் 125 சதவீதத்தில் இருக்கலாம். 100-க்குக் குறைத்துப் பாருங்கள். கண்ணாடி போட்டிருப்பவர்கள் அப்படியே விட்டுவிடலாம். அணைப்பதற்கு ஸ்டார்ட் பொத்தான் மேல் ரைட் கிளிக், ஷட் டவுன். விண்டோஸ் பொத்தானோடு ‘எக்ஸ்’ அழுத்தினாலும் அதே மெனுதான்.

இவ்வளவும் செய்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பிரிண்டர் எடுக்கவில்லை, டோக்கன் தெரியவில்லை, வேகம் படுத்துவிட்டது என்றால் திரும்பிப் போகவும் வழி இருக்கிறது. அப்கிரேடாக ஏறியிருந்தால் செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ரெகவரி, அதில் ‘கோ பேக்’. பழைய விண்டோஸ் ஃபைல்களோடு அப்படியே வந்துவிடும். இடையில் புதிதாகப் போட்ட சாஃப்ட்வேர்களை மட்டும் மறுபடி போட வேண்டும். இந்தப் பொத்தான் பத்து நாள்தான் இருக்கும். அதற்குள் டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று ‘விண்டோஸ் ஓல்டு’ ஃபோல்டரை யாராவது அழித்துவிட்டால் அதுவும் போய்விடும். வீட்டில் மற்றவர்களிடமும் சர்வீஸ்காரரிடமும் அந்த ஃபோல்டரைத் தொட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.